ஏழாவது படத்தின் முதுகு

—அந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி கைய விட்டுப் பாருங்க.

—பாத்துட்டேன் டோரீன். கிறிஸ்மஸ் ஸ்டார் இருக்கு, உங்கப்பாவோட தொப்பி இருக்கு, செத்துப்போன பல்லி ஒண்ணு இருக்கு. உன் எக்ஸ்-ரே இல்லை.

—நல்லா எட்டிப் பாருங்க. ஸ்டூலை நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

—எத்தனை தடவைதான் பாக்கறது? போன மாசமும் இதே அலமாரி மேல ஏறினேன். அதுக்கு முன்னாடி ட்ரங்குப் பெட்டி. கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுக்கிட்டு மல்லாக்கப் படுத்துத் தேடினேன். நாளைக்கு எக்ஸிபிஷன், இன்னைக்கும் என்னை ஏத்தி விட்டு வேடிக்கை பாக்கறே.

—ஆமா, தேடினீங்க. நானும் கூடவே இருந்தேனே. ரொம்ப நல்லா தேடினீங்க.

—அப்புறம் என்ன? பழைய பேப்பர் வாங்கற ரத்திக்காரன் வந்தப்ப நியூஸ்பேப்பரோட சேத்துப் போட்டிருப்பே. இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது. வொர்க்ஷாப்ல ஒரு ஸ்பேனர் காணோம்னா நான் ஆளை வெளிய விட்டதில்லை, தெரியுமா?

—மெதுவா பேசுங்க. குழந்தை இப்பத்தான் கண்ணை மூடுச்சு. உங்க பொண்ணு சோனியா ஆபீஸ்ல இருந்து வர சாயந்தரம் ஆகும், அதுவரைக்கும் நான்தான் தூக்கிக்கிட்டு நடக்கணும்.

—இருமறது நீ. சத்தம் நானா போடறேன்?

—இருமலை நான் ஆசைப்பட்டா வாங்கிட்டு வந்தேன்?

—சரி, பேச்சை விடு. இறங்கறேன், பிடி. சர்ச் ஹால்ல இருந்து காலைல வேன் வந்துடும். அதுக்குள்ள பன்னெண்டு ஃபிரேமையும் பேக் பண்ணி வெக்கணும். ஐ சே, என் நீல டேப் எங்கே?

—டாக்டர் எதுக்கு அந்தப் பழைய ஃபிலிமைக் கேக்கறாருன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

—இருக்கே. கம்பேர் பண்ணிப் பாக்க. சிம்பிள் மேட்டர். இங்கதானே வெச்சேன் டேப்பை?

—திரும்பவும் சொல்றேன், கேளுங்க. இப்ப எடுத்த படத்துல வலது பக்கம், கழுத்தெலும்புக்குக் கீழ, புளியங்கொட்டை சைஸுக்கு ஒரு பொட்டு. மூணு வருஷத்துக்கு முன்னாடி நிமோனியா வந்து படுத்தேனே, அப்ப எடுத்த ஃபிலிம்லயும் அதே எடத்துல அதே பொட்டு இருந்தா, அது பழைய தழும்பு. கத்தி வேணாம், ஒண்ணும் வேணாம், வீட்டுக்குப் போம்மான்னு அனுப்பிடுவாரு. அதுல இல்லைன்னா இது புதுசா முளைச்சது. உடனே நெஞ்சைத் திறக்கணும்னாரு. கேக்கறீங்களா?

—கேக்கறேன், கேக்கறேன். டேப்பை நீ எங்கயாவது எடுத்து வெச்சியா?

—குழந்தை வாயில போட்டுக்கும்னு எடுத்து வெச்சேன். இந்தாங்க. நான் இப்ப என்ன சொன்னேன்?

—பொட்டு. நெஞ்சுல பொட்டு. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. பழைய ரிப்போர்ட் பேப்பர்தான் இருக்கே, அதைக் கொண்டுபோய்க் காட்டு.

—காட்டினேன். நிமோனியா தீர்ந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதியிருக்கு, அவ்வளவுதான். படத்தைக் கண்ணால பாக்கணுங்கறாரு. "ஹளே ஃபிலிம் தகொண்டு பன்னி", பழைய ஃபிலிமைக் கொண்டு வாங்கன்னு ஈஸ்டர் முடிஞ்சதும் சொன்ன மனுஷன். இப்ப மழை பிடிச்சுக்கிச்சு. ஒவ்வொரு தடவையும் "தேடிட்டு இருக்கோம் டாக்டர்"னு பல்லைக் காட்டிட்டு வரேன். போன வாரம் அவருக்கே கோபம் வந்துடுச்சு. அது இனிமே கிடைக்காதும்மா, சும்மா காத்திருக்க வேணாம், வந்து அட்மிட் ஆகிடுங்கன்னாரு. நீங்கதான் எக்ஸிபிஷன் முடியட்டும்னீங்க.

—நீயும்தானே சரின்னே?

—சரின்னேன். கத்தின்னா எனக்கும் பயம்தானே. ஃபிலிம் கிடைச்சுடும், அதுல பொட்டு இருக்கும்னு நானும் நம்பிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

—அதான் சொல்றேன். நாளைக்கு ஒரு நாள். அப்புறம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன், போதுமா? இந்தக் கத்திரியைப் பிடி.

—நாளைக்கு அப்புறம் சாப்பாட்டு மேஜையும் திரும்பி வருமா?

—ஆரம்பிச்சுட்டியா?

—கேட்டேன். போன வருஷத்துல இருந்து மேஜை பூரா உங்க ஜிக்சா படத்துத் துண்டுங்க, நான் அடுப்பங்கரையில நின்னுக்கிட்டே தட்டைக் கையில வெச்சு சாப்பிடறேன். சோனியா வந்தா அவளும் நிக்கறா. குழந்தையை ஹால் பக்கம் தவழ விடறதில்லை. ஒரு துண்டு காணோம்னா நீங்க அது வாயில விரலை விட்டுத் தேடறீங்க.

—ஒரே ஒரு தடவை. அதுவும் துண்டு அது வாயிலதான் இருந்துச்சு. கோபுரத்தோட உச்சி! அது இல்லாம மார்ச் மாசப் படமே இல்லை.

—ஏசுவே! பேரக்குழந்தை வாந்தி எடுத்துச்சு, இவரு கோபுரத்தைக் கழுவிக்கிட்டிருந்தாரு.

—நீ என்ன வேணா சொல்லு. வீ.ஆர்.எஸ். குடுத்து அனுப்பினாங்களே, அதுக்கப்புறம் என் பேரை யாரு மைக்ல சொன்னா? ரிச்சர்ட்ஸ் டவுன்ல பாதிப் பேருக்கு நான் சோனியாவோட அப்பா, மீதிப் பேருக்கு உன் புருஷன். நாளைக்கு ஃபாதர் அத்தனை பேர் முன்னாடி சொல்லப்போறாரு, அலெக்சாண்டர், பன்னெண்டு மாசம், பன்னெண்டு படம்னு. அண்ணன் வெளிநாட்டுல, பெர்த்ல இருந்து இந்தப் பன்னெண்டு ஜிக்சா பெட்டியையும் அனுப்பினப்ப, உனக்குப் பொறுமை வராதுடான்னு எழுதியிருந்தான். வந்துச்சா இல்லையா?

—வந்துச்சு. எங்களுக்குத்தான் அதுல கொஞ்சம் கூட மிச்சம் வைக்கலை.

—அந்தப் பழைய புடவையை எடு. சுத்தணும்.

—நாலஞ்சு படத்தை நானே காலைல சுத்திட்டேன், நீங்க பார்க்குக்கு வாக்கிங் போயிருந்தப்ப.

—நீ ஏன் தொட்டே? கண்ணாடி! ஒரு கீறல் விழுந்தா போச்சு.

—கையைக் கழுவிட்டுத்தான் தொட்டேன். ஜூலையையும் எடுத்தேன்.

—...எதை?

—ஜூலை. ஏழாவது. ஏரி, படகு, பின்னாடி மலை. அதுக்கு மட்டும் முதுகுல அட்டை அடிக்க மறந்துட்டீங்க. திருப்பினா கறுப்பா பளபளன்னு இருந்துச்சு. ஓரத்துல வெள்ளை எழுத்துல என் பேரு.

—டோரீன், இரு...

—இப்ப அலமாரி மேல ஏறுங்கன்னு சொன்னேன். ஏறினீங்க. பெட்டிக்குப் பின்னாடி கைய விடுங்கன்னேன். விட்டீங்க. பல்லி வரைக்கும் எண்ணிச் சொன்னீங்களே!

—சொல்றதை முழுசா கேளு. முதல்ல ப்ளைவுட்லதான் ஒட்டினேன். போன வருஷ மழைக்கு ஈரம் இழுத்து ரெண்டு படம் அப்பளமா வளைஞ்சு போச்சு. ஃபிலிம் வளையாது. என் முட்டி, சோனியா மணிக்கட்டு, வீட்ல இருந்த எல்லா எக்ஸ்-ரேயையும்தான் எடுத்தேன். உன் டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே ஒட்டினது. மாதா மேல சத்தியம்.

—ஒட்டினது தப்பில்லை. பழசுதானேன்னு நானே எடுத்துக் குடுத்திருப்பேன். கேட்டப்புறம் வாயைத் திறக்கலையே நீங்க!

—திறக்கணும்னுதான் இருந்தேன். அப்பத்தான் ஃபாதர் எக்ஸிபிஷன்னு சொன்னாரு. உனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு எனக்கு மனசுல தெரியும். ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு இதைப் பிரிக்கணும்னு... திங்கக்கிழமை காலைல நானே எடுத்து ஊறவைக்கறதா இருந்தேன்.

—திங்கக்கிழமை.

—ஒரே நாள்தானே டோரீன்?

—ஈஸ்டர்ல இருந்து உங்களுக்கு எல்லாமே ஒரே நாள்தான். என் கூடவே கட்டிலுக்கு அடியில படுத்தீங்களே, அன்னைக்கு எனக்கு உங்களைப் பாத்து அழுகையே வந்துச்சு. பாவம், இந்த வயசுல எனக்காக இப்படித் தரையில கிடக்கறாரேன்னு. அந்த அழுகையை நினைச்சாத்தான் இப்ப வயிறு எரியுது.

—சத்தம் போடாதே. குழந்தை எந்திரிச்சுடும்.

—எந்திரிக்கட்டும். ஃபிரேமை நீங்க கழட்டறீங்களா, நான் உடைக்கட்டுமா?

—உரிச்சா ஃபிலிம் உருப்படும்னு என்ன நிச்சயம்? பெவிகால் அது. ரெண்டும் போயிடும்.

—போகட்டும்.

—ஐநூறு துண்டு. அந்த ஏரித் தண்ணியை மட்டும் எவ்வளவு நாள் சேத்தேன்னு உனக்குத் தெரியுமா? எல்லாம் ஒரே நீலம். எந்தத் துண்டு எங்க போகும்னு ஒரு அடையாளம் கிடையாது.

—என் நெஞ்சு மேலதான் அந்தத் தண்ணியை ஒட்டி வெச்சிருக்கீங்க. எடுங்கன்னா எடுங்க.

—...குடு. நீ கை வெச்சா கண்ணாடி குத்தும். ஸ்க்ரூட்ரைவரைக் கொண்டா. வெந்நீர் வை. கொதிக்க வேணாம், கை பொறுக்கற சூடு.

—நீங்க ஸ்டூல்ல ஏறினப்பவே அடுப்புல வெச்சுட்டேன். குழந்தை குளிக்கற டப்புல ஊத்தறேன், இருங்க.

—படம் மேல பாத்த மாதிரி போடு. ஆங். அமுக்காதே. பசை ஊறித் தானா விடணும்.

—விடுது. பாருங்க, படகு தனியா மிதக்குது.

—நான் பாக்கலை. நீயே எடு.

—நீங்களும் கை குடுங்க. பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு எனக்கு நகமே இல்லை.

—தள்ளு. இப்படி ஓரத்துல இருந்து உருட்டிக்கிட்டே வரணும். ...அட்டை எல்லாம் கூழாயிடுச்சு. மலையைப் பாரு, கையோட வருது.

—உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். எனக்குத் தெரியாம இல்லை.

—உனக்குத் தெரியாது. காலைல எந்திரிச்சா கைக்கு ஒரு வேலை இல்லைன்னா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. உனக்கு அடுப்பு இருக்கு, குழந்தை இருக்கு. எனக்கு இந்தத் துண்டுங்கதான் இருந்துச்சு. ஒண்ணு சரியா உக்காந்தா அன்னைக்கு சாப்பாடு இறங்கும்.

—எனக்கும் அந்த அடுப்பை விட்டா வேற ஒண்ணும் இல்லைங்க. அதைத்தான் இன்னும் கொஞ்ச நாள் பாத்துக்கலாம்னு ஆசைப்படறேன். பேஜாரா இருக்கு, இதைப் போய் உங்ககிட்ட கெஞ்சிக் கேக்கறதுக்கு.

—...தள்ளி உக்காரு. தண்ணியில கைய வெக்காதே. ஈரம் உனக்கு ஒத்துக்காது, திரும்ப இருமல் வரும். நான் பாத்துக்கறேன்.

—இந்த வார்த்தையை ஈஸ்டருக்கே சொல்லியிருக்கலாம்.

—சொல்லியிருக்கலாம். விடு. இந்தா, வந்துடுச்சு. முழுசா வந்துடுச்சு! ஃபிலிமுக்கு ஒண்ணும் ஆகலை. பசையை மட்டும் கழுவிடறேன்.

—கிழிச்சுடாதீங்க.

—கிழியாது. ஜன்னல் கதவைத் திற. திரையை ஒதுக்கு. அந்த வெளிச்சம் போதும்.

—நீங்களே பிடிங்க. நான் திரையைப் பிடிச்சுக்கறேன்.

—பிடிச்சுட்டேன். எலும்பெல்லாம் நல்லா தெரியுது. உன் வலது பக்கம்னா எது, இதுவா?

—என் பேரு நேரா படிக்க வர்ற மாதிரி வெச்சுக்கோங்க. இப்ப உங்க இடது கைப் பக்கம் இருக்கறதுதான் என் வலது. கழுத்தெலும்புக்குக் கீழ பாருங்க.

—இரு, அங்கதான் ஒரு துண்டு நீலம் ஒட்டிக்கிட்டு இருக்கு. துடைக்கறேன். ...ம். போயிடுச்சு. டோரீன்!

—சொல்லுங்க.

—ஒண்ணுமே இல்லை டோரீன்! ஒரு பொட்டு, ஒரு புள்ளி கிடையாது. சுத்தமா இருக்கு. வா, நீயே வந்து பாரு!

—இன்னொரு தடவை பாருங்க. நல்லா, நிதானமா.

—எத்தனை தடவை பாத்தாலும் இதேதான். வலது பக்கம் பாத்துட்டேன், இடது பக்கமும் பாத்துட்டேன். எங்கயும் இல்லை.

—அந்தத் துணியைக் குடுங்க. கையைத் துடைச்சுக்கறேன்.

—எனக்கு அப்பவே தெரியும். சோனியாவுக்கு போன் போடறேன், உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன். பாவம், அவளும் எத்தனை நாளா பயந்துக்கிட்டு இருக்கா. ஜூலை போனா போகட்டும் டோரீன். நாளைக்குப் பதினொண்ணு மாட்டறேன், ஃபாதர் கேட்டா கேக்கட்டும். நீ நல்லா இருக்கேல்ல, அது போதும் எனக்கு. ஏன் தரையில உக்காந்துட்டே? என் மேல கோபமா? சிரியேன், கொஞ்சம்!

—பொட்டு இந்தப் பழைய படத்துலயும் இருக்கணும்னுதாங்க இத்தனை மாசமா உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்.