ஏழாம் கல்லின் சிவப்புக் கோடு

இடது பக்கம் ஓர் அங்குலம் விட்டு எழுதுவது என் வழக்கம். பின்னால் கோப்பில் தைக்கும்போது எழுத்து மறைந்துவிடக் கூடாது அல்லவா. நீங்கள் கொடுத்த தாளில் கோடு இல்லை. பரவாயில்லை, எனக்கு வெறுந்தாளிலும் நேராக எழுத வரும். இன்ஸ்பெக்டர் வசுமதி அம்மா, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள், முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன் என்றும் சொன்னீர்கள். மனு எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. மதியம் மூன்று மணிக்குத் தொடங்குகிறேன்.

என் பெயர் ஜானகிராமன். வயது ஐம்பத்தெட்டு. ஊர் நாணல்பாக்கம். அணுபுரம் அணுசக்தி ஊழியர் குடியிருப்பில் தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. திருக்கழுக்குன்றத்தில் பத்தாவது வரை படித்தேன். அங்கே கற்றதில் இன்றுவரை உதவுவது ஒன்றுதான்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று ஒழுங்காகக் கடிதம் எழுதுவது. முதியோர் பென்ஷன், சாதிச் சான்று, கரண்டு இணைப்பு, எதுவானாலும் ஊர் என்னிடம்தான் வரும். ஒரு டீகூட நான் வாங்கிக் குடித்ததில்லை. கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கும் அணுபுரத்துக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் மேல் முன்பு இருந்தது தரைப்பாலம். வெயில் காலத்தில் ஆடு படுத்துக்கிடக்கும். ஏரி நிரம்பி, உபரி நீர் கலங்கலில் வழிந்தால் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடும். அப்போது வேலைக்குப் போகிறவர்கள் பதினாறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பாலத்தின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் பதின்மூன்று கற்கள். நடுவில் நிற்கும் ஏழாம் கல்லில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. கோடு தெரிந்தால் போகலாம், மூழ்கினால் போகக் கூடாது. இது சர்க்கார் வைத்த விதி அல்ல. நான் வைத்தது. ஒவ்வோர் ஐப்பசியிலும் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, அந்தக் கோட்டைப் புதுப்பிப்பேன். இருபது வருஷத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. யாரும் தண்ணீரைப் பார்ப்பதில்லை, கோட்டைத்தான் பார்ப்பார்கள். சுழல் எப்படி இருந்தாலும், சத்தம் எப்படி இருந்தாலும், கோடு தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

உயர்மட்டப் பாலம் கேட்டு ஒன்பது வருஷம் மனு எழுதினேன். மொத்தம் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வாரத்தின் வாகனக் கணக்கை இணைப்பேன். பாலம் வந்தால் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்களுக்குப் பதினோரு கிலோமீட்டர் மிச்சம், சுற்றுலா வளரும், பிள்ளைகள் காலேஜுக்குப் பஸ்ஸில் போகலாம் என்று எல்லாம் எழுதினேன். பெரும்பாலும் பதில் வராது. நாற்பத்திரண்டாவதுக்கு வந்தது. பெயர் சொல்ல வேண்டாத ஓர் அலுவலகம். நான்கே வரி. "மேற்படி இடத்தில் உயிரிழப்பு ஏதும் பதிவாகவில்லை என்பதால், முன்னுரிமை அடிப்படையில் பின்னர் பரிசீலிக்கப்படும்."

அந்தப் பதிலில் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையில் நிம்மதியாக இருந்தது. ஒன்பது வருஷமாக எந்த இணைப்பு குறைகிறது என்று தெரியாமல் இருந்தேன். அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஐப்பசியில் வழக்கம்போல் சுண்ணாம்பு அடித்தேன். பழைய கோட்டின் மேல் மூன்று பூச்சு. புதுக் கோட்டை இரண்டு சாண் உயரத்தில் போட்டேன். கன்னியம்மா ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். "இன்னா அண்ணாத்த, இந்த வருசம் கோடு பளபளன்னு கீது" என்றாள். புது பெயிண்ட் என்றேன். அது பொய்யில்லை.

வண்டி நின்றுபோகும், ஆட்கள் நனைவார்கள், யாராவது செல்போனில் படம் எடுப்பார்கள், அவ்வளவுதான் நினைத்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். அப்படி எழுதமாட்டேன். பதிலில் இருந்த சொல் உயிரிழப்பு. நனைவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கார்த்திகை மாதம், புதன்கிழமை, மாலை ஐந்து பத்து. நான் ஊர்க் கரையில் குடையுடன் நின்று வாகனக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் ஜான்சனின் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஜான்சன் எனக்குப் பக்கத்து வீடு. அவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி ரெபேக்காள், குடியிருப்பில் வீட்டு வேலை முடித்து வருகிறாள். பின்னால் ஒரு பையோடு ஓர் இளைஞன், அபிஷேக் என்று பேர், பிறகு பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டது. குடியிருப்புக்காரர் மகன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மாமல்லபுரத்தில் பஸ் பிடிக்கப் போகிறவன். அவனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஜான்சன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "அண்ணாத்த, கோடு தெரியுது. ஆனா தண்ணி ஒரு மாதிரி கீதே. வுடலாமா?"

"கோடு தெரிஞ்சா போலாம்னு ஊருக்கே தெரியுமேடா" என்றேன்.

ரெபேக்காள் சிரித்தாள். "பொண்டாட்டி சொன்னா நம்பமாட்டாரு அண்ணாத்த. சுத்திகினு போலாம்னு அப்பவே சொன்னேன். உன் கோட்டத்தான் நம்புவாரு."

ஆட்டோ மூன்றாம் கல் வரை நேராக வந்தது. ஐந்தாம் கல்லில் பின்பக்கம் லேசாக மிதந்தது. ஏழாம் கல்லுக்கு அது வந்து சேரவில்லை. ஜான்சன் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான்தான் கயிறு வீசி அவனை இழுத்தேன். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். மற்ற இருவரையும் மறுநாள் காலை ஒரு கிலோமீட்டர் தள்ளி நாணல் புதரில் எடுத்தார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் ஏழாம் கல்லை முழுக்க வெள்ளையடித்தேன். செத்தவர்களுக்காகச் செய்கிறேன் என்று ஊரில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

ரெபேக்காள் மட்டும் என்றால் பேப்பரில் உள்பக்கத்தில் ஆறு வரி வந்திருக்கும். அபிஷேக் இருந்ததால் முதல் பக்கம், படத்தோடு. டிவியிலிருந்து வண்டி வந்தது. நாற்பத்துமூன்றாவது மனுவை அந்த வாரமே எழுதினேன். இணைப்பு ஒன்று, முந்தைய பதிலின் நகல். இணைப்பு இரண்டு, இறந்தவர்களின் படங்கள். ரெபேக்காளின் படத்தை ஜான்சனே கொண்டுவந்து கொடுத்தான். அவர்கள் கல்யாணப் படம், தன்னைக் கத்தரித்து எடுத்துவிட்டிருந்தான்.

போலீசார் என்னையும் விசாரித்தார்கள். அன்று தண்ணீர் அளவுக்கு மேல் ஓடியது என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கோடு தெரிந்தது என்று ஜான்சன் திரும்பத் திரும்பச் சொன்னான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் உளறுகிறான் என்று விட்டுவிட்டார்கள். அவன் மேல் வழக்கு, லைசென்ஸ் போயிற்று. நாலு வருஷமாகச் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு நடக்கிறான். வருகிற புதன்கிழமை தீர்ப்பு. அவன் வக்கீலுக்கு வேண்டிய விவரங்களை அழகாகத் தமிழில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். என் பங்குக்கு நான் அவனுக்குக் குறை வைத்ததில்லை.

போன தை மாதம் பாலம் திறந்தார்கள். நீங்களும் பந்தோபஸ்துக்கு வந்திருந்தீர்கள், பார்த்திருப்பீர்கள். இப்போது செல்போனில் மாமல்லபுரம் என்று போட்டால் எங்கள் ஊர் வழியாகத்தான் கூட்டிப்போகிறது. சனிக்கிழமை மாலை நாலிலிருந்து ஐந்துக்குள் முந்நூற்று நாற்பது வண்டி. கடற்கரைக் கோயிலை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று பறப்பார்கள். ஊரில் இரண்டு பேர் வீட்டு மாடியை அறையாக வாடகைக்கு விடுகிறார்கள். கன்னியம்மா ஆட்டை விற்றுவிட்டுப் பாலத்தடியில் இளநீர்க் கடை போட்டிருக்கிறாள். பிள்ளைகள் காலேஜுக்குப் பஸ்ஸில் போகிறார்கள். இந்தப் பாலத்தின் மேல் ஒரு நாளைக்கு எத்தனை பேர் உயிரோடு கடக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு என்ற எண்ணை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

குறை ஒன்று உண்டு, மறைக்கவில்லை. பாலத்திலிருந்து இறங்கும் சரிவு நேராக எங்கள் ஊர் வீடுகளின் முன்னால் வந்து முடிகிறது. இறங்குகிற வண்டி ஒன்றுகூடப் பிரேக் போடுவதில்லை. "பாலம் வந்துச்சு, பஸ்சு வந்துச்சு, ரோட்ட தாண்டறதுக்குத்தான் பேஜாரா கீது" என்று கன்னியம்மா தினமும் புலம்புகிறாள். நான்கு வேகத்தடை கேட்டு எழுதினேன். முறைப்படி வாகனக் கணக்கும் வைத்தேன். பங்குனியில் பதில் வந்தது. மேற்படி இடத்தில் விபத்து ஏதும் பதிவாகவில்லை.

நான் அந்த வாக்கியத்தை எங்கே கண்டாலும் அடையாளம் தெரிந்துகொள்வேன்.

இடையில்தான் ஜான்சன் ஏழாம் கல்லைப் பார்த்தது. பழைய தரைப்பாலத்தை யாரும் இடிக்கவில்லை, புதுப் பாலத்துக்குக் கீழே அப்படியே கிடக்கிறது. இந்த வைகாசியில் ஓடை காய்ந்து, நாலு வருஷச் சுண்ணாம்பு உரிந்து, ஒரே கல்லில் இரண்டு சிவப்புக் கோடுகள் வெளியே வந்துவிட்டன. ஒரு சாணில் ஒன்று, இரண்டு சாணில் ஒன்று. மூன்று பூச்சு போதவில்லை. அவன் படம் எடுத்து நேரே உங்களிடம் கொண்டுவந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்கும் என்னிடம் மனு எழுதிக்கொண்டுதான் போவான், இதற்கு மட்டும் தானாக வந்துவிட்டான். காலையில் உங்கள் வாசலில் என்னைப் பார்த்து, "அவ சிரிச்சிகினே வந்தா, அண்ணாத்த" என்றான். இன்னமும் அண்ணாத்த என்றுதான் கூப்பிடுகிறான்.

ஆக, கோட்டை மாற்றியது நான்தான். ஜான்சன் நிரபராதி. இதைக் கோர்ட்டில் கொடுக்க இந்தத் தாளே போதும்.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். ஆனால் பாதி விவரத்தோடு ஒரு கடிதத்தை முடிப்பது என் பழக்கம் இல்லை.

எங்கள் குடிநீர்க் குழாய் முன்பு ஊருக்கு உள்ளேயே இருந்தது. தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். பாலத்தை ஒட்டிப் பெரிய குழாய் போவதால், சாலைக்கு அந்தப் பக்கம், சரிவு முடிகிற இடத்தில் குழாய் வைத்தால் தண்ணீர் வேகமாக வரும் என்று சித்திரையில் ஊராட்சிக்கு எழுதினேன். வரைபடமும் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளில் மூன்றே வாரத்தில் நிறைவேறிய மனு அது ஒன்றுதான். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தண்ணீரும் நன்றாகத்தான் வருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், மாலை நான்கரை மணிக்கு, அரைமணி நேரம். இன்று தண்ணீர் வரும் நாள். இன்று சனிக்கிழமையும்கூட.

நான் யாரையும் தள்ளிவிடவில்லை. யார் என்று தேர்ந்தெடுப்பதும் இல்லை. அன்று ஆட்டோவில் யார் வருவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதுபோலத்தான் இதுவும். வழக்கமாக ஜான்சன்தான் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு சாலையைக் கடப்பான், மகளை விடமாட்டான். இன்று காலையிலிருந்து அவன் உங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கவியாவுக்குப் பன்னிரண்டு வயது. பொறுப்பான பெண். அப்பா வரவில்லை என்றால் தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

உங்கள் சுவரில் மணி நான்கு இருபத்தாறு. ஊருக்கு இங்கிருந்து ஜீப்பில் போனாலும் பத்து நிமிடம் ஆகும்.

வேகத்தடைக்கான அடுத்த மனுவையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். போன வாரமே எழுதி வைத்தது. எழுத்துப் பிழை இருக்காது. விபத்து விவரத்தில் பெயர், தேதி என்ற இரண்டு இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம்.