அரை சென்டிமீட்டர் டாலரன்ஸ்

பேப்பரும் பேனாவும் கொடுத்து, கூடவே டீயும் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றிங்க சார். சர்க்கரை அளவாக இருக்கிறது. எதுவும் அளவாக இருந்துவிட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

என் பெயர் மகுடேஸ்வரன். சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். பதினான்கு வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். நான் பாஸ் போட்ட பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. 2008-இல் ஆர்டர் வற்றி ஆளைக் குறைத்தார்கள். கேரளாக்காரர் ஒருவரிடம் ஆறு மாதம் கிட்டார் வேலை பழகிக்கொண்டு, நல்லூரில் ஒரு ஷெட் பிடித்தேன். உடைந்த கழுத்தை ஒட்டுவேன், பிளந்த பலகைக்கு உள்ளே பட்டை கொடுப்பேன். பிறகு சொந்தமாகவே கிட்டார் செய்ய ஆரம்பித்தேன்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகக் கம்பி பதிப்பார்கள். ஃப்ரெட் என்று பெயர். விரலை எங்கே அழுத்துகிறோமோ அந்தக் கம்பிக்குத் தக்க சுருதி வரும். அதில் தலைமுடி கனம்கூட விலகக் கூடாது என்பார் கேரளாக்காரர். பாவம், அவர் எக்ஸ்போர்ட் பார்த்ததில்லை. நெஞ்சளவில் அரை சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் ஜெர்மனிக்காரனே வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறான். அந்த விட்டுக்கொடுப்புக்குப் பெயர்தான் டாலரன்ஸ். அதே டேப்பில், அதே டாலரன்ஸில்தான் நானும் கம்பி பதித்தேன்.

அருள்குமார் சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர். தாராபுரத்து சர்ச்சுக்கும் சேர்த்து ஆறு கிட்டார் ஆர்டர் பிடித்துத் தருவதாகச் சொல்லி, முதலில் ஒன்றை வாங்கிப் போனார். ஈஸ்டர் ஆராதனையில் குழு ஒரு பக்கம் போக, கிட்டார் இன்னொரு பக்கம் போனதாம். மறுநாளே ஷெட்டுக்கு வந்துவிட்டார். அப்போது அங்கே வேறு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேல சுருதி சேர மாட்டேங்குதுங்க. கம்பி எடம் மாறி உக்காந்திருக்குதாட்டங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கம்பெனிக் காலத்தையும் சேர்த்து எனக்கு அதுதான் முதல் ரிட்டர்ன். உட்கார்ந்திருந்த நாலு பேரும் "அப்பறம் வர்றோமுங்க" என்று எழுந்து போனார்கள். ஆறு கிட்டாரும் வேண்டாம் என்று தாராபுரத்திலிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, ஒருக்கா அளந்து பாத்தாத்தான் என்னங்க?" என்றாள் என் மனைவி சாரதாமணி. அளந்தேன். எல்லாம் டாலரன்ஸுக்குள்தான் இருந்தது.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் கோளாறு இல்லை, ஆனாலும் தையல் கோணுகிறது என்றால் ஆபரேட்டரைப் பார்க்க வேண்டும். விரலுக்குத் தக்கபடி கம்பியை மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, அருள்குமாரை ஒரு மத்தியானம் வரவழைத்தேன். மனுசன் சந்தோஷமாக வந்தார். இடது கை மோதிர விரலில் தொடங்கினேன். என் கணக்குக்கு முக்கால் சென்டிமீட்டர் அதிகம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த விரலுக்குப் போகவே தேவைப்படவில்லை.

"அளந்தாச்சல்லங்க, அப்பறம் வைஸ் எதுக்குங்ண்ணா?"

"ஆடாம இருக்கோணுமல்ல கண்ணு."

கிட்டார் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வைஸ் அது. கையில் தடம் விழக் கூடாதென்று இரண்டு தாடையிலும் பனியன் துணி சுற்றியிருந்தேன். ஃப்ரெட் நுனியை நறுக்குகிற கட்டர் மேஜைமேலேயே இருந்தது. முக்கால் சென்டிமீட்டர்தான், அதற்கு மேல் ஒரு நூல்கூட எடுக்கவில்லை. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து பவர்டேபிளில் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்ததும் நான்தான்.

எஃப்.ஐ.ஆரில் விரலை வெட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை மட்டும் திருத்த வேண்டும். கம்பெனியில் வெட்டிப் போடுவது ரிஜெக்ட் பீஸை. சரிசெய்யக்கூடிய குறை என்றால் அது ஆல்ட்ரேஷன் மேஜைக்குப் போகும். நான் அருள்குமாரை ரிஜெக்ட் செய்யவில்லை. ஆல்டர் செய்தேன். செய்தது நான்தான், தெரிந்துதான் செய்தேன். கையெழுத்தும் போடுகிறேன்.

தையல் பிரித்த பிறகு அதே கிட்டாரை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சுருதி சேர்ந்துவிடும். சேரவில்லை என்றாலும் மனசு தளர வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நான் இன்னும் அளக்காத விரல் ஒன்பது இருக்கிறது.