அக்கா எழுதிய ஒரே புத்தகம்

பிடிக்காத புத்தகத்தையும் பாதியில் மூடிவைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால்தான் அக்காவின் நோட்டையும் விடாமல் படித்தேன்.

நீங்கள் அதை டைரி என்கிறீர்கள், ஐயா. அவளும் அப்படித்தான் சொல்வாள். நூற்று அறுபது பக்கம், கோடு போட்டது. நான் தைத்ததுதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, பைண்டிங் கடைக்கு வீட்டிலிருந்தே நோட்டு தைத்துக் கொடுக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசத்தான் எனக்கு வராது, படிக்க வரும். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடமாட்டேன். "அச்சடிச்ச காகிதம் இருந்தா உனக்குச் சோறு தண்ணிகூட வேணாம்டி" என்று அக்கா கேலி செய்வாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க மனிதர்களின் முகத்துக்கு நேரே நின்று கண்ணைப் பார்க்கிறவள் என்னவெல்லாம் எழுதலாம். அவள் எழுதியது இது: "இன்று கூட்டம் அதிகம். கால் வலி. சீக்கிரம் தூங்கிவிட்டேன்." இப்படியே நாற்பது பக்கம். அப்புறம் அதே கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் நோட்டுக்குள் வந்தார். இனியாவது ஏதாவது நடக்கும் என்று நம்பினேன். "அவர் இன்று சிரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது." சந்தோஷமாம். படிக்கிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஒரு புத்தகம் ருசிக்க வேண்டுமானால், அதில் ஒருவர் எதற்காவது ஏங்க வேண்டும். அது கைக்கு வராமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதையே நூறு பக்கத்துக்கு இழுப்பார்கள்.

முதலில் சின்னதாகத்தான் செய்தேன். அவர் வாங்கிக் கொடுத்த குடையைப் பரண்மேல் ஒளித்துவைத்தேன். அன்றைக்கு இரண்டு பக்கம் எழுதினாள். போன வழியெல்லாம் தேடியது, மூடிய கடைக்குத் திரும்பிப் போய் ஷட்டரைத் தட்டியது, தொப்பலாக நனைந்தது. முதல் தடவையாக அவள் எழுத்தில் மழை பெய்தது.

பிறகு அவருக்கு வேறு ஊரில் சொந்தக் கடை அமைந்தது. காலூன்றியதும் வந்து பெண் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பகலில் தபாலை வாங்குவது நான். ஆறு கடிதம் போட்டார். ஆறையும் படித்தேன், அவருக்கும் எழுத வராது. அக்கா தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்த ஒன்பதும் அவற்றோடுதான் இருக்கின்றன. நூல்கண்டுப் பெட்டியின் அடியில் பாருங்கள்.

"தபால் வந்துச்சாடி?"

"வரலக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"வந்தா உங்கிட்ட குடுக்காம நான் என்ன பண்ணப்போறேன்?"

"அதானே" என்பாள்.

ஒரு தடவை நேரிலேயே போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். "தேடிட்டு வந்துட்டாளேன்னு மட்டமா நெனப்பாருக்கா" என்றேன். அவளுக்கும் அது சரியென்று பட்டது.

அந்த நாலு மாதம் அவள் எழுதியதுதான் எழுத்து. "எல்லாருக்கும் பலகையைக் காட்டிக் கடைசி வரி தெரிகிறதா என்று கேட்கிறேன். எனக்கு முதல் வரியே தெரியவில்லை." கால் வலிக்காரிக்கு இது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

கடைசியில் அவருடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. கோபத்தில் அனுப்பியிருப்பார். அதை மட்டும் அக்கா கையில் கொடுத்தேன். கதை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இவளுக்கு என்னடி ஆச்சு, ரெண்டு வாய்கூட எறங்க மாட்டேங்குது?" என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். அம்மாவும் விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் நோட்டை எடுத்தேன். வியாழக்கிழமை விடிகிறபோது ஆற்றுக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாள். இரண்டு நாள் முன்பே தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்லியிருந்தால் அம்மா கதவைப் பூட்டியிருப்பாள். ஒரு பாட்டம் அழுகை, சமாதானம், பழையபடி கால் வலி. நோட்டை இருந்த இடத்தில், இருந்த மாதிரியே வைத்தேன்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். முந்தாநாள் இந்த ஸ்டேஷனில், இதே மேஜையில்தான் நீங்கள் அதைப் படித்தீர்கள். முதல் நாற்பது பக்கத்துக்குக் கொட்டாவி விட்டீர்கள். குடை தொலைந்த பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. உங்கள் டீ ஆடை கட்டிப்போனது.

வியாழக்கிழமை காலை தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, புதன்கிழமைப் பக்கத்தைப் பிரித்தேன். மொத்த நோட்டிலும் அதுதான் நல்ல பக்கம், ஒரு பத்தியைத் தவிர. அந்தப் பத்தியில் தங்கை அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். இவளிடம் சொல்லிவிடலாமா என்று அக்காவுக்குத் தோன்றுகிறது. "பாவம், என்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், தாங்கமாட்டாள்" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறாள்.

அந்தத் தங்கை மட்டும் நம்பும்படியாக இல்லை.