வாசலில் நட்சத்திரம் கட்டிய மருமகள்

மைதாவைச் சலிக்காமல் கேக் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் அம்மா. அவசரக் குடுக்கைகள். நான் சலித்ததையே இன்னொரு தடவை சலிப்பேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் தேநீர் விருந்து என்றால் தெருவே திரண்டு வரும். கடையில் வாங்கின பண்டம் ஒன்றுகூட மேசைக்கு வராது. கேக், பிஸ்கட், ஜாம் எல்லாம் நான் செய்வதுதான். காகித மாலை, மெழுகுவர்த்தி, வாசலில் தொங்கும் நட்சத்திரம்கூட அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கைவேலை வாத்தியாராக இருந்தவன். சும்மா உட்காரச் சொன்னால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மனைவி போன பிறகு விருந்தை நிறுத்திவிடுவேன் என்று நினைத்தார்கள். நிறுத்தவில்லை. மகன் கூட இருந்தான். பிறகு மருமகள் வந்தாள். நர்ஸ். அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் பிரஷர் மாத்திரையைக்கூட அவள்தான் மறக்காமல் எடுத்துக் கொடுப்பாள்.

போன மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா, அவளுக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு. புது வருஷம் பொறந்ததும் கெளம்பணும். நானும்தான்."

"ரொம்ப சந்தோஷம்பா," என்றேன்.

ஒரே பிள்ளை. அவன் இல்லாத வீட்டில் நான் யாருக்கு அப்பா? அவள் போகாவிட்டால் அவனும் போகமாட்டான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். குடும்பத்துக்குக் கடைசியாக வந்தவர்தான் வாசலில் நட்சத்திரம் கட்ட வேண்டும். எல்லோரும் வெளியே நின்று பார்ப்பார்கள். அப்புறம்தான் தேநீர். ஏணி அடுத்த வீட்டு எலக்ட்ரீஷியனுடையது. பழைய மர ஏணி. கேட்டதும் கொடுத்தான். மெழுகுவர்த்தி வார்த்தது போகக் கொஞ்சம் மெழுகு மிச்சம் இருந்தது. எதையும் வீணாக்க எனக்கு மனசு வராது. மேல் படிகளில் நன்றாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டேன். பார்த்தால் தெரியாது. என் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

"மாமா, ஏணியக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றாள்.

"நீ ஏறும்மா, நான் இருக்கேன்ல."

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏணி அசையவே இல்லை. அவள் கால்தான் வழுக்கியது.

கீழே சிமென்ட் தரை. மகன் ஓடிவந்து தூக்கப் பார்த்தான். "தூக்காதீங்க, முதுகுல அடிபட்டா தூக்கக் கூடாது," என்று அவளே படுத்தபடி சொன்னாள். நர்ஸ் அல்லவா. ஆம்புலன்ஸ் வரும்வரை வந்தவர்கள் வெறும் வாயோடு நிற்க வேண்டாமே என்று நான் தேநீர் கொடுத்தேன். யாரும் கேக்கைத் தொடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இனிமேல் அவளால் எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வெளிநாட்டு வேலை போயிற்று. மகன் இங்கேயே இருக்கிறான். நான் தினமும் சூப் வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். "என்னால உங்களுக்கு எவ்வளவு சிரமம் மாமா," என்று அழுகிறாள். தங்கமான பெண்.

ஏணிப்படியில் மெழுகு இருந்ததைக் கண்டுபிடித்து, எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறீர்களாமே. அது அநியாயம். பிள்ளைகுட்டிக்காரன், ஒரு பாவமும் அறியாதவன். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். என் பழியை இன்னொருவன் தலையில் போடுகிற ஆள் நான் இல்லை. மெழுகு தேய்த்தது நான்தான். அவள் விழ வேண்டும் என்றுதான் தேய்த்தேன். பிள்ளைப் பாசம் யாரை விட்டது?

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் என் தோளில் சாய்ந்து தேம்பினான்.

"உங்களையும் கூட்டிட்டுப் போகணும்னு அவதான்பா அலையா அலைஞ்சா. உங்க விசாவும் வந்துருச்சு. விருந்துல எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு ஆசையா வச்சிருந்தா."

கேட்டதும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அதை அன்றைக்கே சொல்லியிருந்தாலும் நான் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்களே சொல்லுங்கள் அம்மா, நானும் போய்விட்டால் இங்கே வருகிற கிறிஸ்துமஸுக்கு விருந்தை யார் நடத்துவது?