கண்ணாடி தூங்கிய ஒரு மணி நேரம்

— ஒட்டின பெட்டிய எதுக்குக்கா பிரிக்கிறீங்க? நாலு மணிக்கு வண்டி வருது.

— ஒரே ஒரு மூக்குக் கண்ணாடிதான். மீதி முப்பத்தொம்பதும் அப்படியே இருக்கு.

— அதான் எதுக்குங்கிறேன்.

— சும்மா. டெஸ்ட் ரூம் கதவு ஓரத்துல இருக்கிற பித்தளைப் பட்டை தேஞ்சுபோச்சோன்னு சந்தேகம். வெளிய இருக்கிற ரேடியோ இரைச்சல் உள்ள கசியுதான்னு பாக்கணும். அதுக்கு ஒரு சாம்பிள்...

— கதவைப் பாக்கக் கண்ணாடி எதுக்கு? காலி ரூமை அளந்தா போதாதா?

— இவ்வளவு விவரமா இருக்காத, டப்பாக்காரி. கத்திரி எங்க?

— டப்பாக்காரின்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவ...

— இரைச்சல் வெளிய வராம சிப்பு மேல தகர டப்பா கவுக்கிறவள வேற எப்படிக் கூப்பிடறது? உங்க டீம்ல எனக்கு என்ன பேருன்னு தெரியாதா எனக்கு? ஃபெயிலக்கா!

— அது அன்புல சொல்றது.

— ம்... பதினொரு வருஷமா ரொம்பத்தான் அன்பு.

— அக்கா, நாலு தடவ ஃபெயிலாக்கி அஞ்சாவது தடவ நேத்துதான் பாஸ்னு கையெழுத்துப் போட்டீங்க. இந்தத் தடவயும் போச்சுன்னா டீமையே கலைச்சிடுவேன்னு சொன்ன பெரியவர், நேத்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். இப்ப மறுபடி உள்ள வெச்சா...

— வெச்சா என்ன? பாஸான கண்ணாடி மறுபடியும் பாஸாகப் போகுது. பயமா?

— எனக்கென்ன பயம். அலுப்பா இருக்கு, அவ்வளவுதான்.

— யாருக்கு இல்ல அலுப்பு? கதவைத் தள்ளு... இன்னும் பலமா. ஆங். நடு ஸ்டாண்டுல வை.

— வெச்சாச்சு.

— மூக்குல டேப் ஒட்டினியா?

— ...ஒட்டறேன்.

— மூக்குல உக்கார்ற இடத்துல இருக்கிற அந்தச் சின்னக் கண்ணு முழுசா மூடணும். இல்லாட்டி யாரும் போட்டுக்கலைன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டே நிமிஷத்துல தூங்கிடும். தூங்கினா இரைச்சலே வராது.

— அந்தக் கண்ணை வெச்சதே எங்க டீம்தான். எனக்கே பாடமா?

— பாடம் இல்லடி. நீ ஒட்டு, நான் பாத்துக்கிறேன். நான் ஒட்டினா எனக்கே நம்பிக்கை வராது.

— ஏன் அப்படிச் சொல்றீங்க?

— வெளிய வா. கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு. ...நாற்காலிய இழுத்துப் போட்டுக்கங்க, நிக்காதீங்க.

— நிக்கிறேன். ஸ்கிரீன்ல பச்சைக் கோடு வந்துடுச்சா?

— வருது. சிவப்பு எல்லைக் கோட்டைத் தொடல. கீழதான் ஓடுது. பாத்தீங்களா? போதும்க்கா, எடுத்துடலாம்.

— பொறு.

— நேரமாகுதுக்கா.

— தொட்டுடுச்சு.

— ம்.

— தாண்டிடுச்சு. அதுவும் எந்த இடத்துல பாரு. ஆம்புலன்ஸ்காரங்க தோள்ல மாட்டிக்கிற ரேடியோ பேசற அதே அலைவரிசை.

— கதவு கசியுதோ என்னவோ. நீங்கதானே பித்தளைப் பட்டை...

— கதவுக்கு ஒரு கேடும் இல்ல. அது நான் விட்ட கதை. உன் டப்பாலயும் தப்பில்ல. கீல்லதான். கண்ணாடிய மடக்கற இடத்துல கம்பியச் சுத்தின செப்புத் தாள் விரியுது. அந்த ஊசி ஓட்டை போதும், உள்ள இருக்கிற இரைச்சல் மொத்தமும் வெளிய வந்துடும்.

— கொஞ்சம்தானேக்கா தாண்டுது. மயிரிழை.

— மயிரிழையா? இந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அவங்க ஓடற வண்டிக்குள்ள குனிஞ்சு உக்காந்திருப்பாங்க. நாடித்துடிப்பு, போற வழி எல்லாம் கண்ணாடில கண்ணு முன்னாடியே ஓடும். தோள்ல ரேடியோ, கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்துல. ‘அந்த ஊசி போட வேண்டாம்’னு டாக்டர் சொல்றார்னு வை. நம்ம பேச்சுல வேணுமா வேண்டாமாங்கிறது கடைசிலதானே வருது? அந்தக் கடைசி வார்த்தை வர்ற நேரத்துல ‘கர்ர்ர்’னு இரைஞ்சா? சொல்லு. மயிரிழையா?

— இல்ல.

— அப்ப நேத்து எப்படிப் பாஸாச்சுன்னு நீ இன்னும் கேக்கவே இல்லையே.

— ...எப்படி?

— கண்ணாடி தூங்கிடுச்சு. நானும் தூங்கிட்டேன்.

— அக்கா...

— இதோ, இந்த நாற்காலிலதான். ஒரு மணி நேரம். நீ அந்த மேசைலதானே இருந்தே, எழுப்பியிருக்கலாம்ல?

— நான்... டீ குடிக்கப் போயிட்டேன்.

— முழிச்சுப் பாத்தா பச்சைக் கோடு தரையோட தரையாப் படுத்திருக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இனிமே உன் மூஞ்சியப் பாத்து ஃபெயில்னு சொல்ல வேண்டாமேன்னு. அவசரமாக் கையெழுத்தைப் போட்டேன். உன்னை அனுப்பிட்டுக் கண்ணாடியத் துடைக்க எடுத்தா... மூக்குல டேப் இல்ல.

— விழுந்திருக்கும்.

— ரூம் முழுக்கத் தேடிட்டேன். நான் ஒட்டவே இல்லடி. ஆனா ஒட்டினதா ஞாபகம் இருக்கு! பல்லால கடிச்சுப் பிச்சேன், கட்டை விரலால அழுத்தினேன். விரல்ல பிசுபிசுன்னு இருந்ததுகூட... இருந்ததா நெனச்சுக்கிட்டேன் போல.

— களைப்புக்கா. வேற ஒண்ணும் இல்ல.

— எங்கம்மாவுக்கும் முதல்ல களைப்புன்னுதான் சொன்னோம். அடுப்பை அணைச்சுட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க. உள்ள போய்ப் பாத்தா நீலமா எரிஞ்சுட்டு இருக்கும். அப்ப அவங்களுக்கு அம்பத்திரண்டு. எனக்கு இப்ப நாப்பத்தொம்பது.

— ஒரு துண்டு டேப்புக்குப் போய் எங்கெங்கயோ போறீங்க.

— டேப் மட்டும்னா பரவால்ல. இன்னிக்குக் காலைல என் பொண்ணை எழுப்பப் போனேன். பேரைச் சொல்றதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டேன். சரியா வருதான்னு.

— ஐயோ, ஏன்க்கா...

— வந்தது. ஆனா சொல்லிப் பாத்தேன் பாரு. செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்.

— வேணாம். போகாதீங்க.

— ஏன்?

— ...வீட்டுல சொல்லிட்டீங்களா?

— உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். சரி, பெரியவர் ரூமுக்குப் போறேன். வண்டிய நிறுத்தணும். என்னையும் இங்கேருந்து எடுத்துடுங்கன்னு சொல்லப் போறேன். பேக்கிங்ல போடட்டும். ஒட்டினோமா இல்லையான்னு தெரியாதவ இந்த நாற்காலில உக்காரக் கூடாது.

— உக்காருங்க.

— மணி மூணே முக்கால்டி.

— உக்காருங்கக்கா. ஒரு நிமிஷம்.

— நீ எதுக்கு அழறே? டீமைக் கலைச்சிடுவாரேன்னா? உன் மேல ஒரு தப்பும் இல்லைன்னு நானே அவர்கிட்ட...

— அப்படிச் சொல்லாதீங்க.

— உள்ளதைத்தானே சொல்லப் போறேன்.

— உள்ளது அது இல்ல. உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகல. நீங்க ஒட்டினீங்க. பல்லால கடிச்சு, கட்டை விரலால அழுத்தி... நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்க தூங்கினப்புறம் பச்சைக் கோடு அப்பவும் தாண்டிடுச்சுக்கா. உள்ள போய் டேப்பைப் பிச்சது நான்தான்.