தணிகாசலம் காலில் ஒரு புதிய ஈ

காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

புகார் கொடுத்தவர் எங்கள் துறைத் தலைவர் ரகுபதியா? சந்தோஷம். அவர் முழுதாகப் படித்த முதல் ஆராய்ச்சிக் கட்டுரை என்னுடையதாகத்தான் இருக்கும். கொசுவைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு, மயிலாப்பூரில் தானே ஹால் பிடித்துத் தனக்கே பொன்னாடை போர்த்திக்கொண்ட மனிதர். விஞ்ஞானம் என்றால் என்னவென்று அவருக்குக் காட்ட ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு புதிய ஈ வேண்டும். அதன் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து, இது உலகம் அறியாத இனம் என்று நிறுவ வேண்டும். ஈ கல்லூரி வாசலிலேயே இருந்தது. வாட்ச்மேன் தணிகாசலத்துக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். ஒருநாள் கட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே புழுக்கள்.

"குடித்தனம் வந்துகீது சார். அட்வான்ஸ்கூட குடுக்கல" என்று சிரித்தார்.

இடுக்கியால் ஒரு புழுவை எடுத்துப் போனேன். சீக்கிரமே முடிவு வந்தது. தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை.

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் அவர் வீடு. போனதும் அவர் மனைவி வேலம்மா பிடித்துக்கொண்டாள்.

"உள்ள கடிச்சிகினே கீதாம் சார். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்டட்டா?"

ஆஸ்பத்திரியில் டர்பன்டைன் ஊற்றி எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள். ஆகவே, அழுகிய சதையைப் புழு தின்றால் புண் சுத்தமாகும், வெளிநாட்டில் அதுவே வைத்தியம் என்றேன். பொய்யில்லை. அப்படி ஒரு வைத்தியம் இருக்கிறது, வேறு ரக ஈயை வைத்து. இது உயிருள்ள சதையைத் தின்னும் ரகம். அதை அவள் கேட்கவில்லை.

"புரபசரே சொல்றாரு. நீ இன்னாமே, பெரிய நர்ஸா?" என்று தணிகாசலம் அவளை அடக்கினார்.

புழுக்கள் கொழுத்துத் தாமாக உதிரும்வரை தினமும் போனேன். உதிர்ந்தவற்றை மண் போட்ட டப்பாவில் சேர்த்தேன். ஈக்கள் வெளிவந்த வாரம் தணிகாசலம் இறந்தார். ரத்தமெல்லாம் விஷமாகிவிட்டதாம். ஈ எங்கே கிடைத்தது என்பதைக் கட்டுரையில் மறைக்கவில்லை: உயிருள்ள மனிதனின் கால். ஆராய்ச்சியில் பொய் எழுதக்கூடாது.

ஈ வரும்வரை காத்திருப்பது அவசியமா என்கிறீர்கள். நல்ல கேள்வி, ரகுபதிக்குத் தோன்றியிருக்காது. அவசியமில்லை. புழுவிலும் ஈயிலும் மரபணு ஒன்றுதான். முதலில் எடுத்த ஒற்றைப் புழுவிலேயே முழுத் தொகுதியும் கிடைத்துவிட்டது. ஆனால் பத்திரிகை அட்டையில் புழுவையா போடுவார்கள்? ஈயோ நீலமும் பச்சையுமாக மின்னுகிறது.

பிணத்தை எடுக்கும்போது வேலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல சார். நீதான் தெனம் வந்து பாத்த."

உண்மைதானே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.