எல்லாருக்கும் எழுபத்திரண்டு

பேனாவ மூடுங்க, எர்கின் தம்பி. நான் கையெழுத்து போட மாட்டேன். டிப்போ நர்ஸ் சைராகுல், அதான் நான், நாடிய தப்பா எண்ணிட்டா, பதினோரு டிரைவருக்கும் நெஞ்சுல ஒண்ணுமில்லன்னு நீங்களே எழுதிக் கொண்டாந்துட்டு, என்னைப் போடச் சொன்னா? நீங்க டைரக்டரா இருந்தா உங்க ரூம்ல இருங்க. இது என் ரூம்.

கத்தாதீங்க. வெளிய வேன்ல ஆளுங்க உக்காந்திருக்காங்க. மெலிஸ் உங்க மச்சான், அதான இவ்ளோ கோவம்? அவன் நாடி நாலு தடவ ஓடுது, ஒரு தடவ நிக்குது, அப்புறம் தடதடன்னு ஓடுது. ஒரு நிமிஷம் முழுசா பிடிச்சுப் பாத்தேன். இன்னிக்கு அவன் கணவாய் ஏற மாட்டான். சாவி என் டிராயர்ல இருக்கு.

பிஷ்கெக் தலைமை ஆபீஸ்ல கேக்கறாங்களா? கேக்கட்டும். பத்தொம்பது வருஷமா நாரின் டிப்போல ஒருத்தனுக்கும் இல்லாத சீக்கு, ரெண்டே வருஷத்துல பதினோரு பேருக்கு எப்படி வந்துச்சுன்னுதான? டிரைவருங்க செல்போன் டவர்ங்கறானுங்க. நீங்க நான் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கறேங்கறீங்க. பதினோரு பேரோட ஈசிஜியும் அந்த ஃபைல்லதான் இருக்கு. பிரிச்சீங்களா? பிரிச்சிருக்க மாட்டீங்க.

கொஞ்சம் கூடியிருக்கும், இல்லன்னு சொல்லல. சின்னப் பசங்க எல்லாம் ரஷ்யாவுக்குப் போயிட்டானுங்க. இங்க வண்டி ஓட்டறவன் எல்லாம் அம்பதத் தாண்டினவன், ரத்த அழுத்தக்காரன், வோட்கா வேற. ஆனா பூஜ்யத்துலேர்ந்து பதினொண்ணா? அப்படியெல்லாம் எந்தச் சீக்கும் ஏறாது தம்பி.

பழைய ரிஜிஸ்டர் எவ்ளோ சுத்தமா இருக்குன்னீங்கல்ல? அந்த பீரோவத் தொறங்க. எந்த வருஷம் வேணாலும் எடுங்க. நாடிக் கட்டத்துல என்ன இருக்கு? எழுபத்திரண்டு. அதுக்குக் கீழ? அடுத்த பக்கம்? சத்தமா படிங்களேன், ஏன் நிறுத்திட்டீங்க?

யாரு எழுத்தா? என் எழுத்துதான். காலைல ஆறு மணிக்கு நாப்பது பேரு கைய நீட்டிக்கிட்டு நிப்பானுங்க, யாரு தொட்டுப் பாக்கறது? முந்தின நாள் சாயங்காலமே பக்கத்த நிரப்பி வெச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எனக்கு முன்னால இருந்தவ அப்படித்தான் பழக்கினா. ஒருத்தன் செத்து, ஊரு குதிர அறுத்து அவன் சாவுச் சோறு தின்னுக்கிட்டு இருக்கு. ரிஜிஸ்டர்ல அவனுக்கும் எழுபத்திரண்டு.

புரியுதா இப்ப? சீக்கு அப்பவும் இருந்துச்சு. தொட்டுப் பாக்க ஆளு இல்ல.

வேல போகுமா? போகட்டும். கோர்ட்டா? வரேன். ஒரு வெள்ளப் பேப்பர் கொடுங்க. பதினொண்ணு நெசம், அந்தப் பூஜ்யந்தான் பொய், பொய் சொன்னது நான்னு எழுதித் தரேன். அத அனுப்புங்க பிஷ்கெக்குக்கு. உங்க பேப்பருல போட்டேன்னா நாளைக்குப் பதினோரு பேரும் வண்டி எடுப்பான். சீக்கிரம் கொடுங்க, என் வீட்டுக்காரருக்குப் போயி சோறு ஊட்டணும்.

சும்மா எழுதினா நம்ப மாட்டாங்களா? ஒரு தேதி வேணுமா? ரெண்டு வருஷத்துக்கு முந்தினத எடுங்க. மார்ச்சு பதினாலு. நாலாவது வரி.

ஆமா, ஜோல்டோஷ். என் வீட்டுக்காரரேதான். பக்கவாதம் திடீர்னு வந்துடுச்சுன்னு நீங்க எல்லாரும் சொன்னீங்க, நானும் தலையாட்டினேன். கணவாய் எறக்கத்துல வண்டி பனிமேட்டுல போயி சொருகி நின்னதாலதான் உள்ள இருந்த எட்டு பேரு பொழச்சாங்க. தாளம் தப்பித் தப்பி நெஞ்சுல ரத்தம் உறைஞ்சு மூளைக்கு ஏறியிருக்கு, இது ரொம்ப நாளா இருந்திருக்கும்மான்னாரு டாக்டர்.

அன்னிக்குக் காலைல வீட்டுல சண்ட. எப்பவும் போடற உப்ப டீயில போடலன்னு ஏதோ. இங்க வந்து வரிசையில நின்னாரு. என்னமோ படபடங்குது, பிடிச்சுப் பாருன்னு வலது கைய நீட்டினாரு. எழுபத்திரண்டு ஏற்கெனவே எழுதியிருந்துச்சு. நான் நிமிந்து கூடப் பாக்கல, வண்டி எடுக்கற சீட்டுல முத்திரையக் குத்தி மேஜ மேல தள்ளினேன்.

அந்தக் கைதான் இப்ப வராது.